கிளினிக்கல் எக்ஸர்சைஸ் பிசியோலஜி மாஸ்டர்ஸ் செய்ய யோசிக்கிறன், தெரிஞ்சவை ஒருக்கா சொல்லுங்கோ

மல்லாவிப்பெட்டை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், குறை நினைக்காதேங்கோ. நான் மல்லாவி. சப்ரகமுவ கம்பஸ்ல விளையாட்டு விஞ்ஞானம் 4 வருசம் சிறப்புப் பட்டம் முடிச்சு ஒண்டரை வருசமாகுது. இப்ப கிளிநொச்சிப் பக்கம் ஒப்பந்த அடிப்படையில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு பயிற்சி குடுக்கிற வேலை, சம்பளம் பஸ் காசுக்கும் ரீலோட்டுக்கும் சரியாப் போகுது.

விசயம் என்னெண்டா 4 மாதத்துக்கு முதல் அப்பாக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. ஸ்டென்ட் வைச்சு ஆள் தப்பிட்டார், அதில குறை சொல்லேலாது. ஆனா வீட்ட விடேக்க "பாரம் தூக்காதேங்கோ, ரெஸ்ட் எடுங்கோ" எண்டு சொன்னதோட சரி, எத்தினை நாளைக்கு ரெஸ்ட், என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது ஒண்டுமில்லை. அண்டைக்கு இருந்து மனிசன் வேப்பமரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் கதிரையில இருக்குது. வயல் முழுக்க தன்ர கையால வரம்பு கட்டின ஆள், இப்ப படலை வரைக்கும் போனாலும் அம்மா பின்னால ஓடுறா, ஒரு வாளி தண்ணி தூக்க விடமாட்டா. காலெல்லாம் மெலிஞ்சு போச்சு.

என்ர மூண்டாம் வருச நோட்ஸை எடுத்துப் பாத்தன், கார்டியக் ரிஹாப் (ஹார்ட் வருத்தம் வந்த ஆளைப் பயிற்சி குடுத்து மீட்டெடுக்கிறது) எண்டு ஒரு லெக்சர், ரெண்டு பக்கம். அதைத் தேடிக்கொண்டு போகத்தான் வெளிநாடுகளில இதுக்கெண்டே ஒரு மாஸ்டர்ஸ் இருக்கெண்டு தெரிஞ்சது. அதில இருந்து நித்திரை இல்லை.

இது பிசியோதெரபியில இருந்து எப்பிடி வித்தியாசம்? எந்த நாடு நல்லம்? காசுக்கு என்ன வழி (எங்களிட்ட ரெண்டு ஏக்கர் வயலும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும்தான்)? முடிச்சிட்டு இஞ்ச வந்தா வேலை இருக்கோ? கனடாவில இருக்கிற சித்தப்பா "உதெல்லாம் என்ன படிப்பு, நேர்ஸிங் செய்" எண்டுறார். அம்மா கலியாணம் எண்டுறா. அதுக்கு மறுமொழி எழுதத் தேவையில்லை.

இன்னொண்டு. போன கிழமை நானே பள்ளிக்கூட கிரவுண்டில 30 மீற்றர் அளந்து ரெண்டு பக்கமும் செங்கல்லு வைச்சு அப்பாவை 6 நிமிசம் நடக்கவிட்டனான். 5 தரம் போய் வந்து ஆறாவதில 20 மீற்றர், மொத்தம் 320. நடுவில ஒருக்கா நிண்டு மூச்செடுத்தவர். இது எப்பிடி?


வட்டக்கச்சி_மெல்பேர்ண்:

தங்கச்சி, நான் உந்த வேலைதான் இஞ்ச செய்யிறன். ஊர் வட்டக்கச்சி, 2009க்குப் பிறகு வெளிக்கிட்டனான்.

பிசியோ எண்டா வருத்தம் என்ன, எங்க பிடிச்சிருக்கு எண்டு சோதிச்சுக் கண்டுபிடிக்கிறது, கை வைச்சு பிடிச்சு விடுறது, ஒப்பரேசன் முடிஞ்ச அண்டைக்கே எழுப்பி நடத்துறது எல்லாம் அவை. நாங்கள் வாறது டொக்டர் வருத்தத்தைச் சொன்னாப் பிறகு. சலரோகம், இருதயம், சிறுநீரகம், கான்சர் சிகிச்சைக்குப் பிறகு உடம்பு விழுந்துபோனவை, இப்பிடி நாள்பட்ட வருத்தக்காரருக்கு உடற்பயிற்சியை மருந்து மாதிரி அளந்து குடுக்கிறது. எத்தினை நாள், எவ்வளவு நேரம், எந்தளவு கடுமை, எப்ப கூட்டுறது, எதைக் கண்டா உடன நிப்பாட்டுறது. கேக்க சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும்.

அவுஸ்திரேலியாவில ஈ.எஸ்.எஸ்.ஏ எண்ட அமைப்புத்தான் அங்கீகாரம் தாறது. அவை ஏற்றுக்கொண்ட மாஸ்டர்ஸாப் பாத்துச் செய்யவேணும், சும்மா பேர் ஒண்டா இருக்குதெண்டு வேற கோர்ஸில சேந்திட்டா பேந்து அழவேண்டியதுதான். கிளினிக்கல் பக்கம் மட்டும் 360 மணித்தியாலம் ஆக்களோட நிண்டு செய்யவேணும், அதுக்கு முதல் எக்ஸர்சைஸ் சயன்ஸ் பக்கத்தில 140. உம்மட டிகிரியில அந்த முதல் பகுதிக்கு சரிவராத பாடம் ஏதும் இருந்தா முதல்ல அதைச் செய்யச் சொல்லுவினம். அதால இப்பவே உம்மட பாடவிவரம் முழுக்க, ஒவ்வொரு பாடத்திலயும் என்ன படிப்பிச்சது எத்தினை மணித்தியாலம் எண்டு கம்பஸ்ல கேட்டு எடுத்து வையும். பேந்து அந்த லெக்சரர் மாறிப்போனா ஒருத்தரும் தேடித்தராயினம்.

வேலை இருக்கு. 2006ல இருந்து எங்களையும் மெடிகெயார் எண்ட அரசாங்க மருத்துவக் காப்புறுதியில சேத்தாச்சு, நாள்பட்ட வருத்தம் இருக்கிற ஆளை டொக்டர் எழுதி அனுப்பினா வருசத்துக்கு 5 தரம் அரசாங்கம் காசு குடுக்கும் (அந்த அஞ்சை பிசியோ, டயற்றீசியன் எல்லாரும் பங்குபோடுறது வேற கதை). வலுவிழந்த ஆக்களுக்கான என்.டி.ஐ.எஸ் எண்ட அரசாங்கத் திட்டம் மூலமும் கனபேர் வருவினம்.

காசு விசயம் ஒளிக்காமச் சொல்லுறன், வெளிநாட்டு மாணவருக்கு ஃபீஸ் கூட. விசாவுக்கு ஒரு வருசச் செலவுக்கெண்டு மட்டும் 29,710 அவுஸ்திரேலிய டொலர் இருக்கெண்டு காட்டவேணும், 2024 மே மாதத்தில கூட்டினவை. ஃபீஸ் அதுக்கு மேல. ரெண்டு ஏக்கர் வயலை வித்துப்போட்டு இதுக்கு வாரும் எண்டு நான் சொல்லமாட்டன்.


ஆஸ்பத்திரிப்பக்கம்:

நான் வன்னியில ஒரு வைத்தியசாலையில பிசியோ. முதல்ல ஏச்சு வாங்கும் பிள்ளை.

ஹார்ட் அட்டாக் வந்து ஒரு மாதத்துக்குள்ள எண்டா அந்த 6 நிமிச நடைச் சோதினை செய்யவே கூடாது, உம்மட அப்பாக்கு 4 மாதம் எண்டபடியா தப்பினீர். பிரஷர் பாத்தனீரோ? நடக்க முதல் நாடி எவ்வளவு, முடிய எவ்வளவு? இடையில நெஞ்சு இறுகினதோ எண்டு கேட்டனீரோ? பக்கத்தில அஸ்பிரின், நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை ஏதும் இருந்ததோ? ஒண்டுமில்லாம செங்கல்லை மட்டும் வைச்சிட்டு அளந்தா அது சோதினை இல்லை, நேர்த்திக்கடன். கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்ட கேட்டிட்டுச் செய்யும்.

ஏச்சு முடிஞ்சுது. 30 மீற்றர் சரியா அளந்திருக்கிறீர், நிண்டு மூச்செடுத்ததை எழுதி வைச்சிருக்கிறீர், அது நல்ல பழக்கம்.

அப்பா என்ன குளிசை போடுறார் எண்டு பாரும். பேர் "லோல்" எண்டு முடியிறது ஒண்டு இருக்கும், அற்றினலோல், மெற்றோப்ரோலோல், பைசோப்ரோலோல் இப்பிடி. அது போடுற ஆளுக்கு எவ்வளவு நடந்தாலும் நாடி பெரிசா ஏறாது. உம்மட புத்தகத்தில 220ல இருந்து வயசைக் கழிச்சு இத்தினை வீதம் எண்டு இருக்குமே, அதைப் பிடிச்சுக்கொண்டு "இன்னும் ஏறேல்ல, இன்னும் கெதியா நடவுங்கோ" எண்டு துரத்தினீரெண்டா ஆள் விழும். அதுக்குத்தான் 6ல இருந்து 20 வரைக்கும் உள்ள போர்க் (Borg) அளவுகோல், "எவ்வளவு களைக்குது?" எண்டு ஆளிட்டயே கேக்கிறது. எங்கட ஆக்கள் என்ன கேட்டாலும் "பரவாயில்லை" எண்டுதான் சொல்லுவினம், அதால நான் கதைச்சுக்கொண்டே நடக்கச் சொல்லுறனான். வசனம் முறிஞ்சு முறிஞ்சு வந்தா போதும் எண்டு அர்த்தம்.

இஞ்ச வேலையைப் பற்றிக் கேட்டீர். இந்தப் பேரில அரச வைத்தியசாலையில பதவி இல்லை. கொழும்பில பி.ஜி.ஐ.எம். எண்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில விளையாட்டு மருத்துவம் படிக்கலாம், ஆனா அது எம்.பி.பி.எஸ் முடிச்ச ஆக்களுக்கு. நீர் மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வந்தா கம்பஸ் லெக்சரரா போகலாம், தனியார் பக்கம் போகலாம், திட்டங்களில வேலை செய்யலாம். வாட்டுக்குள்ள வந்து நிக்கிறதெண்டா ஆற்ற கதிரையில இருக்கிறது எண்டு ஒரு பிரச்சினை வரும். என்ர கதிரையில எண்டும் சிலர் நினைப்பினம், நானே முதல்ல அப்பிடித்தான் நினைச்சனான்.

ஆனா தேவை இல்லையெண்டு சொல்லேலாது. முழங்காலுக்குக் கீழ கால் இல்லாத ஒருத்தர் செயற்கைக் காலோட நடக்க, ரெண்டு கால் உள்ள ஆளைவிட கால்வாசி கூடச் சக்தி வேணும், முழங்காலுக்கு மேல எண்டா அரைவாசிக்கும் மேல. 2009ல 25 வயசில கால் போன பெடியனுக்கு இப்ப 40 தாண்டிட்டுது, சலரோகம் வருது, பிரஷர் வருது, தொப்பை வைச்சு செயற்கைக் காலை மாட்டுற சொக்கெற் பொருந்துதில்லை. காலைப் போட்டு நடக்கப் பழக்கிறதுக்கு ஆக்கள் இருந்தவை, யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிறுவனம் 1987ல இருந்து செய்யுது. அந்தப் பெடியன்ர இருதயம் அவ்வளவு பாரத்தையும் இன்னும் 30 வருசம் இழுக்குமோ எண்டு ஆர் பாக்கிறது? முதுகெலும்பு அடிபட்டவை இன்னொரு பக்கம். மார்பு முள்ளந்தண்டு 6க்கு மேல அடியெண்டா சலப்பை நிரம்பினாலே பிரஷர் வெடிச்சமாதிரி ஏறும், தலையிடிச்சு முகம் வேர்க்கும். அது தெரியாத ஆள் பயிற்சி குடுக்கப் போனா நல்லது செய்யப்போய் கெடுத்துப்போடும். மாங்குளத்தில புனர்வாழ்வுப் பிரிவு இருக்கு, ஒருநாள் கேட்டுப்போட்டு போய் நிண்டு பாரும், பத்துப் புத்தகத்துக்குச் சமம்.


மல்லாவிப்பெட்டை:

அண்ணை ஏச்சு சரிதான் 🙏 பிரஷர் பாக்கேல்ல. பைசோப்ரோலோல் தான் போடுறார், இப்பத்தான் பெட்டியைப் பாத்தனான். நாடி 74 தாண்டேல்ல எண்டு எனக்கு உள்ளுக்குள்ள புழுகம், "அப்பான்ர ஹார்ட் நல்லா இருக்கு" எண்டு அம்மாட்ட வேற சொல்லிப்போட்டன்.


இரணைமடுக்காரன்:

நான் அமெரிக்காவில இதே மாஸ்டர்ஸ் ரெண்டாம் வருசம். விடிய நாலு மணிக்கு இருந்து எழுதுறன், பிழை இருந்தா பொறுங்கோ.

மெல்பேர்ண் அண்ணா சொன்னது சரி, ஆனா காசு இல்லாத ஆக்களுக்கு இஞ்சால ஒரு வழி இருக்கு, கிராஜுவேட் அசிஸ்டன்ற்ஷிப். இளமானிப் பிள்ளையளுக்கு லாப் எடுக்கவேணும் இல்லாட்டி புரொபெசரின்ர ஆராய்ச்சியில வேலை செய்யவேணும், அதுக்கு ஃபீஸில பெரும்பங்கைக் கழிச்சு மாதாமாதம் கொஞ்சக் காசும் தருவினம். எல்லா இடத்திலயும் இல்லை, கிளினிக்கல் புரோகிராம் சிலதில அறவே இல்லை. அதால விண்ணப்பம் போட முதல் அந்தத் துறையில இருக்கிற புரொபெசருக்கு ஈமெயில் போடுங்கோ அக்கா. நான் 40க்கு மேல போட்டு 6 பேர் பதில் போட்டவை, அதில ஒராள்தான் இடம் இருக்கெண்டவர். விஸ்கொன்சின் லா குரோஸ், இண்டியானாவில போல் ஸ்டேட் எல்லாம் இந்தத் துறையில கனகாலமா பேர் உள்ள இடம். நான் அதில ரெண்டிலயும் இல்லை.

உங்களிட்ட 4 வருசப் பட்டம் இருக்கிறது பெரிய விசயம். 3 வருச ஜெனரல் டிகிரிக்காரரை கனகம்பஸ் எடுக்காயினம். என்னோட ஏ.எல் எடுத்த ஒருத்தன் அதாலயே தடுபட்டவன்.

நாட்டையும் கம்பஸ் பேரையும் பாக்காதேங்கோ, மணித்தியாலத்தைப் பாருங்கோ. இந்தத் துறைக்குச் சான்றிதழ் தாற அமெரிக்க அமைப்பு ஏ.சி.எஸ்.எம். இன்ர கிளினிக்கல் சோதினை எழுத மாஸ்டர்ஸ் முடிச்ச ஆளுக்கு 600 மணித்தியால அனுபவம் வேணும், இளமானியோட நிண்டா 1200. அந்த 600ஐ கம்பஸே ஒரு வைத்தியசாலையில ஒழுங்குசெய்து தருதோ, இல்லாட்டி "நீயே தேடு" எண்டு விடுதோ எண்டு முதல் ஈமெயில்லயே கேளுங்கோ. வெளிநாட்டுப் பிள்ளை, கார் இல்லை, ஆக்களைத் தெரியாது, நீங்களா தேடுறதெண்டா செத்தீங்கள். என்ர முதல் கம்பஸ் தெரிவு அப்பிடித்தான் இருந்தது, நல்லகாலம் இடம் கிடைக்கேல்ல.

அந்த மணித்தியாலம் எப்பிடிப் போகுமெண்டு ஒரு நாளைச் சொல்லுறன். 68 வயசு ஐயா ஒருத்தர், நெஞ்சு முழுக்க மயிர். ஈ.சி.ஜி 12 லீட் எண்டாலும் ஒட்டுறது 10தான், ஒட்டுற இடமெல்லாம் சவரம் எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, தோலை லேசா உரஞ்சி ஒட்டவேணும், ஒண்டு கழண்டாலும் கோடெல்லாம் கிறுக்கின மாதிரி வரும். பிறகு ட்ரெட்மில்லில புரூஸ் முறை. முதல் 3 நிமிசம் மணிக்கு 2.7 கிலோமீற்றர்தான், ஆனா 10 வீத ஏற்றம், பிறகு ஒவ்வொரு 3 நிமிசத்துக்கும் வேகமும் ஏற்றமும் கூடும். ஆள் நடந்துகொண்டிருக்க நான் பிரஷர் எடுக்கவேணும். மெசின் சத்தம், ஐயான்ர சப்பாத்து டொக்கு டொக்கு எண்டு அடிக்குது, ஸ்டெதஸ்கோப்பில எது ரத்தம் எது சப்பாத்து எண்டு விளங்குதில்லை. முதல் மாதம் நான் சொன்ன பிரஷரை ஒருத்தரும் நம்பேல்ல, நானும் நம்பேல்ல. இருநூறாவது மணித்தியாலம் போலதான் காது திறந்தது. ஒன்லைன் மாஸ்டர்ஸ் எண்டு விளம்பரம் வரும், இந்தக் காது அதில வராது.

இன்னொரு சின்ன நுட்பம். அமெரிக்காவில படிச்சிட்டு 12 மாதம் வேலை செய்ய ஓ.பி.ரி எண்ட அனுமதி தருவினம். உங்கட பட்டத்தின்ர கோட் 26.0908 எண்டு இருந்தா அது ஸ்டெம் (விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம், இன்னும் 24 மாதம் நீட்டலாம். ஒரே பேர் உள்ள பட்டத்தை சில கம்பஸ் வேற கோட்டில வைச்சிருக்கும், அதையும் கேளுங்கோ. ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலும் இருக்கு, அதில போனா முடிச்சாப்பிறகு 2 வருசம் கட்டாயம் நாட்டில வந்து நிக்கவேணும். அது சிலருக்குத் தண்டனை, உங்களுக்கு எப்பிடியெண்டு தெரியேல்ல.

லைசென்ஸ் பற்றியும் கனவு காணாதேங்கோ, இஞ்ச எங்கட துறைக்கு முதல்ல லைசென்ஸ் சட்டம் கொண்டந்தது லூசியானா, 1995ல. கன மாநிலத்தில இன்னும் அப்பிடி ஒண்டில்லை, சம்பளமும் பிசியோவைவிடக் குறைவு. காசுக்காக எண்டா உங்கட சித்தப்பா சொன்ன நேர்ஸிங்தான் சரி.

அப்பா கதிரையில இருக்கிற கதைக்கு ஒண்டு. 1966ல டலஸ்ல 20 வயசுப் பெடியள் 5 பேரை, ஒரு வருத்தமும் இல்லாதவையை, 3 கிழமை படுக்கையில போட்டுப் பாத்தவை. எழும்பேக்க உடம்பு ஒக்சிசன் எடுக்கிற உச்ச அளவு கால்வாசிக்கு மேல விழுந்துபோச்சு. 30 வருசம் கழிச்சு அதே ஆக்களைத் தேடிப்பிடிச்சு அளந்தா, அந்த 30 வருச வயசு செய்ததைவிட 3 கிழமைப் படுக்கை கூடக் கெடுதல் செய்திருக்கு. இதை அம்மாக்குச் சொல்லுங்கோ.


முறிகண்டிக்கச்சான்:

பிள்ளை நான் படிச்ச ஆள் இல்லை, என்ர மகன்ர கதையைச் சொல்லுறன். "ஸ்போர்ட்ஸ் மெடிசின் மாஸ்டர்ஸ், படிக்கேக்கயே வேலை, முடிஞ்சா பி.ஆர்" எண்டு ஒரு ஏஜென்சிக்காரன் சொல்லி 8 லட்சம் முற்பணம் வாங்கினவன். போய்ப் பாத்தா அது ஜிம் மனேஜ்மென்ற் டிப்ளோமா. மகன் ஒரு வருசம் இருந்துபோட்டு வந்திட்டான், இப்ப பரந்தனில ஹாட்வெயார் கடையில நிக்கிறான். இந்தத் தம்பி சொன்ன கேள்வியளை ஏஜென்சிக்காரனிட்ட கேளாதேங்கோ, நேர கம்பஸுக்கு எழுதிக் கேளுங்கோ.


ஆஸ்பத்திரிப்பக்கம்:

இரணைமடுக்காரத் தம்பி, நல்லா எழுதினீர், அந்தச் சப்பாத்துச் சத்தம் எனக்கும் தெரியும் 😄

மல்லாவித் தங்கச்சிக்கு இன்னொண்டு. புரொபெசருக்கு ஈமெயில் போடேக்க "எனக்குச் சின்ன வயசில இருந்தே விளையாட்டில ஆர்வம்" எண்டு தொடங்காதையும். என்னட்ட ஒரு கேள்வி கிடக்கு, எடுத்துக்கொண்டு போம். இருதய வருத்தக்காரருக்கு என்ன வேலை செய்யலாமெண்டு சொல்ல மெற் எண்டொரு கணக்கு இருக்கு, சும்மா இருக்கேக்க 1 மெற், கிலோவுக்கு நிமிசத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒக்சிசன். எந்த வேலைக்கு எத்தினை மெற் எண்டு அட்டவணை இருக்கு. அதை எடுத்துப் பாத்தா கோல்ஃப், பனி அள்ளுறது, வக்கியூம் கிளீனர். என்னட்ட வாற ஆள் கேக்கிறது என்ன தெரியுமோ? "ஐயா, லாண்ட்மாஸ்டர் பிடிக்கலாமோ? வரம்பு வெட்டலாமோ? நெல்லு மூட்டையை ட்ராக்டர் பெட்டிக்கு ஏத்தலாமோ?" முல்லைத்தீவில எண்டா "கரைவலை இழுக்கலாமோ?" நான் அட்டவணையில கிட்டத்தட்ட ஒண்டைப் பாத்து மனக்கணக்கில சொல்லுறன். பங்குனி வெயிலில பகல் பன்னிரண்டு மணிக்கு சேத்துக்க நிண்டு மண்வெட்டி போடுறதுக்கு எவ்வளவு எண்டு அந்த அட்டவணையில எங்க இருக்கு? மூச்சில ஒக்சிசன் அளக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வயலுக்க இறங்க ஒராள் வேணும். வயலுக்க பிறந்த ஆளாயிருந்தா இன்னும் நல்லம்.


வட்டக்கச்சி_மெல்பேர்ண்:

அண்ணை இதை நான் திருடட்டோ? 😅 இல்லை, தங்கச்சிக்குத்தான். ஈமெயில் எழுதினா எனக்கு அனுப்பும், திருத்தித் தாறன்.


மல்லாவிப்பெட்டை:

மூண்டு கிழமை கழிச்சு வாறன், மன்னிக்கோணும், இடையில வயல் வேலை.

மாங்குளம் போய் நிண்டனான், ரெண்டு நாள். ஒண்டும் எழுதேலாது, தனியா எழுதுறன்.

அப்பாவை கிளினிக்கில காட்டி டொக்டரிட்டக் கேட்டாச்சு, நடக்கலாமாம், மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னவர். இப்ப காலமை வெயிலுக்கு முதல் குளக்கட்டில கூட்டிக்கொண்டு போறன். அம்மாவும் வாறா, குளிசைப் போத்திலோட. டலஸ் கதையைச் சொன்னன், "அவங்கள் வெள்ளைக்காரர், அப்பா அப்பிடியே?" எண்டு கேட்டா, ஆனா அடுத்தநாள் கதிரையைக் காணேல்ல, எடுத்து மாட்டுக்கொட்டிலுக்க போட்டிட்டா.

நேற்று பள்ளிக்கூடத்தில திரும்பச் செய்தனாங்கள், இந்தமுறை பிரஷரும் பாத்து, நாக்குக்குக் கீழ வைக்கிறதும் பொக்கற்றில. 6 தரம் போய்வந்து 10 மீற்றர், 370. நிக்கேல்ல. போர்க் 12 எண்டவர். "12 எண்டா என்ன அப்பா?" எண்டு கேக்க "வரம்பில வெறுங்கையோட நடக்கிற மாதிரி" எண்டார்.

ஈமெயில் 11 போட்டிருக்கிறன், வரம்பு வெட்டுற கேள்வியை முதல் பந்தியில வைச்சு. ரெண்டு பேர் பதில் போட்டவை. ஒராள் சேத்துக்க மாஸ்க் போட்டு அளக்கிறது எப்பிடி, வேர்வையில மெசின் பழுதாகாதோ எண்டு கேட்டிருக்கிறார். இரணைமடு அண்ணா, அதுக்கு என்ன எழுதலாம்?


ஆஸ்பத்திரிப்பக்கம்:

370 நல்லம். ஆனா இரண்டாந்தரம் செய்யேக்க பழகின பழக்கத்தாலயே கொஞ்சம் கூடும், முழுக்க ஹார்ட் எண்டு எழுதாதையும். பிரஷர் எவ்வளவு எண்டு இதில போடேல்ல.